மூன்று நாள் அஷ்டமி

எங்கள் அத்தானுக்கு வலது கண்ணில் புரை விழுந்து, அது முத்தி, முத்தியது கெட்டியாகவும் ஆரம்பித்துவிட்ட பிறகும், ஆபரேஷனுக்கு அவர் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தார். நாள் பார்ப்பதற்கும் அந்தக் கண்தான் வேண்டும். சிக்கல் அங்கேதான்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். வயது எழுபத்தாறு. ஒரு சின்ன அச்சகத்தில் வருஷா வருஷம் போடுகிற பஞ்சாங்கத்துக்கு நாற்பத்தொரு வருஷமாக மெய்ப்புப் பார்ப்பவர். அச்சேறுமுன் தாள்கள் அவரிடம் வரும். எந்த நாள் என்ன திதி, என்ன நட்சத்திரம், எது எத்தனை மணிக்கு முடிகிறது என்று கட்டம் கட்டமாகப் பார்த்துத் திருத்தி அனுப்புவார். ஓய்வு கொடுத்த பிறகும் தாள்கள் வீடு தேடி வந்தன. அச்சகக்காரருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று நான் சொல்வேன். வேறு ஆளை அவர் தேடவே இல்லை என்று அத்தான் சொல்வார்.

பார்க்கிற வேலை பார்த்தவரையே பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது. அத்தான் நேரம் பார்க்காமல் சட்டைப் பித்தான் போட்டவரில்லை. ஒரு தடவை எமகண்டத்தில் அவருக்குத் தும்மல் வந்தது. ஒன்றரை மணி நேரம் அதை மூக்கிலேயே நிறுத்தி வைத்து, நேரம் முடிந்ததும் தும்மினார். எதிர்வீட்டு ஜன்னல் கண்ணாடி விரிசல் விட்டது. நம்பாதவர்கள் வரலாம், விரிசலைக் காட்டுகிறேன்.

நான் முப்பத்தைந்து வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். லிப்ட் நின்றுவிட்டால் ஓட வேண்டும். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் நேரமா பார்ப்பார்கள்? ஒருவர் பார்த்தார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அத்தான் ஐந்தாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். அரைமணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு கதவைத் திறந்து கையை நீட்டினேன். கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று அடித்து ஐந்து நிமிஷம்.

"ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு மாப்ளே. நாலரைக்குத் தொற" என்று உள்ளேயிருந்து கதவை அவரே சாத்திக்கொண்டார். அந்தக் கட்டடத்தில் ஒன்பது மாடி. ஒன்பது மாடிக்காரர்களும் படியேறினார்கள். ஏறும்போது என் குடும்பத்தைப் பற்றி அவர்கள் சொன்னதையெல்லாம் நான் கருவியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அக்காவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

டாக்டர் அம்மா அவருடைய மோவாயைக் கண் பார்க்கும் கருவியின் தாங்கியில் வைத்து விளக்கடித்துப் பார்த்தாள். வலது கண், இடது கண், மறுபடியும் வலது. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "ஐயா, எத்தனை விரல்னு சொல்லுங்க" என்றாள்.

"மூணு. கையை ஆட்டாம காட்டுங்க."

டாக்டர் அம்மா இன்னும் கையைத் தூக்கவே இல்லை.

"ரெண்டு கண்ணுலயும் புரை இருக்கு" என்று அவள் அக்காவைப் பார்த்துச் சொன்னாள். "இடது பரவாயில்ல, இன்னும் கொஞ்ச மாசம் தாங்கும். வலதுதான் ரொம்ப முத்திடுச்சு. விட்டா உள்ளுக்குள்ள கசிஞ்சு கண்ணுல அழுத்தம் ஏறிடும். அப்புறம் யார் என்ன பண்ணினாலும் பார்வை வராது. நான் இங்க புதன்கிழமை மட்டும்தான் வர்றேன். இன்னும் ரெண்டே புதன். அதுக்கப்புறம் எட்டு மாசம் வெளியூர். எனக்குப் பதிலா வர்றவர் இவ்வளவு முத்தினதை எடுக்க மாட்டார். வர்ற புதனே வச்சுக்கலாமா?"

அத்தான் விரல்விட்டு எண்ணினார். "வர்ற புதன் எனக்குச் சந்திராஷ்டமம்" என்றார்.

டாக்டர் அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த கண்ணின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்தேன்.

வானத்தைச் சுற்றிவருகிற சந்திரன், நாம் பிறந்த ராசிக்கு எட்டாவது ராசியில் இரண்டேகால் நாள் தங்கிவிட்டுப் போகும். மாசத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் வரும். அதுதான் சந்திராஷ்டமம். அந்த நாட்களில் வாயைத் திறந்தால் வம்பு, தொட்டது துலங்காது என்பார்கள்.

"இவருக்கு மாசம் முப்பது நாளும் அதுதான் டாக்டர்" என்றாள் அக்கா. "நீங்க பாட்டுக்கு எழுதுங்க."

எழுதினாள். அந்தப் புதன்கிழமை காலையில் அத்தான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து, "இனிமே வர வேண்டாம், டாக்டர் கிளம்பிட்டாங்க" என்று போன் வந்த பிறகு வெளியே வந்தார். விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது.

மிச்சம் ஒரு புதன். அதற்கு முந்தைய நாள், செவ்வாய்க்கிழமை காலையில் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"டேய், நாளைக்கும் வரமாட்டாராம்டா. அஷ்டமியாம்."

"சும்மா இழுத்துட்டுப் போயிடலாமா?"

"எழுபத்தாறு வயசு ஆளைக் கையைக் காலைக் கட்டியா கொண்டுபோவ? கண்ணு போனா அப்புறம் எந்த அஷ்டமியைப் பார்ப்பீங்கன்னு கேட்டேன். கண்ணு போறதுக்கும் ஒரு வேளை இருக்குங்கறார். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு... நீ எதையாவது பண்ணு. நான் நாளைக்குப் போட்டு வச்ச நேரத்தை ரத்து பண்ணல. ஒன்பதரைக்கு."

எதையாவது பண்ணு என்று சொல்லிவிடுவது சுலபம். நான் என்ன செய்ய? சட்டத்தில் ஓட்டை தேடும் வக்கீல் மாதிரி அத்தான் மெய்ப்புப் பார்த்த அந்தப் பஞ்சாங்கத்தையே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாங்கி ஏழு மாசமாகியும் நான் அதைப் பிரித்ததில்லை. ஆடுகிற கட்டில் காலுக்கு அண்டை கொடுத்து வைத்திருந்தேன். எடுத்ததும் கட்டில் ஆடியது.

முன்பக்கத்தில் எல்லாம் விளக்கமாகவே போட்டிருந்தார்கள். சூரியனை விட்டுச் சந்திரன் பன்னிரண்டு பாகை விலகினால் ஒரு திதி. அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை பதினைந்து திதி, வளர்பிறை. அங்கிருந்து திரும்ப அமாவாசை வரை பதினைந்து, தேய்பிறை. சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒரு நாள் விறுவிறு, ஒரு நாள் மெதுவாக. அதனால் ஒரு திதி ஏறக்குறையப் பத்தொன்பது மணி நேரத்திலும் முடியலாம், இருபத்தாறு மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேலே இழுக்கவும் செய்யலாம். சூரியன் உதிக்கிறபோது எந்தத் திதி நடக்கிறதோ அதுதான் அந்த நாளின் திதி. இவ்வளவுதான் விஷயம். முப்பத்தைந்து வருஷம் மோட்டாரும் கயிறும் எடைக்கல்லும் பார்த்தவனுக்கு இது ஒன்றும் பெரிய கணக்கில்லை. ஒன்று ஏறுகிறது, ஒன்று நிற்கிறது, நடுவே எத்தனை தூரம் என்று பார்க்கிறார்கள்.

விளக்கத்தைப் படித்துவிட்டு அந்த வாரத்துப் பக்கத்தைப் புரட்டினேன். திங்கட்கிழமை அஷ்டமி. செவ்வாய் அஷ்டமி. புதன் அஷ்டமி. வியாழக்கிழமை ஏகாதசி.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். எட்டு, எட்டு, எட்டு, அப்புறம் பதினொன்று. ஒன்பதாவதான நவமியையும் பத்தாவதான தசமியையும் காணவில்லை. போன பக்கத்தில் தேடினேன், அடுத்த பக்கத்தில் தேடினேன், கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தேன். இருபத்தாறு மணி நேரச் சமாசாரம் மூன்று சூரிய உதயத்தை எப்படித் தொடும்? இரண்டைத் தொடலாம், மூன்றைத் தொடவே முடியாது. யாரோ திங்கட்கிழமைக் கட்டத்தை அப்படியே அடுத்த இரண்டு நாளுக்கும் ஒட்டிவிட்டுத் திருத்த மறந்திருக்கிறார்கள். அந்தத் தாளை அத்தானும் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார்.

ஆக, நாளைக்குத் தசமி. அருமையான நாள். கண் தெரியாததால் தப்பைப் பார்க்கவில்லை. பார்க்காத அந்தத் தப்பைக் காட்டித்தான் கண்ணைக் காட்ட மாட்டேன் என்கிறார்.

அச்சகக்காரருக்குப் போன் போட்டேன். கொஞ்ச நேரம் தாள் புரளும் சத்தம் கேட்டது. "அடடா" என்றார். பிறகு, "நீங்கதான் முதல் ஆள். யாரும் ஒண்ணும் சொல்லலையே. அஷ்டமி மூணு நாள் வந்தா ஜனங்களுக்கு வசதிதானே?" என்றார்.

அவர் சொன்னதும் பொய்யில்லை. எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் அந்தப் பஞ்சாங்கம்தான். குழாய்க்காரர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி வரவில்லை. தச்சர் கதவை எடுத்துக்கொண்டு போய்விட்டார், திரும்ப மாட்டவில்லை. மூலைவீட்டுக்காரர் மனைவியோடு சமாதானம் பேச எழுந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் குழாய் விடாமல் சொட்டியதில் தெருவில் இரண்டு வாத்து வந்து குடியேறியது.

பஞ்சாங்கத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒரு சந்தேகம். திதி மூணு நாள் இருக்குமா?"

"இருக்காது" என்றார் பட்டென்று. "ரெண்டு உதயம் வரைக்கும் தொடும். அதுக்கு மேல இல்ல. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"அப்ப இந்த வாரம் அஷ்டமி ஏன் மூணு நாள் போட்டிருக்கு?"

ரேடியோ கரகரத்தது. அதை நிறுத்தினார்.

"எங்க போட்டிருக்கு?"

"நீங்க பார்த்த பஞ்சாங்கத்துலதான்."

"கொண்டா." வாங்கி மூக்கில் ஒட்டிக்கொண்டார், முகர்வது மாதிரி. "இருக்கலாம்" என்றார் பக்கத்துக்கு உள்ளேயிருந்து. "சில சமயம் திதி நீளும். அதுக்குப் பேர் விருத்தி."

"நீண்டா இருபத்தாறு மணி நேரம்னு நீங்களே முன்பக்கத்துல போட்டிருக்கீங்க. சரி, நீண்டுச்சுன்னே வச்சுக்குங்க. நவமியும் தசமியும் எங்க?"

"உதயத்தைத் தொடாத திதி விட்டுப்போகும். அதுக்குப் பேர் க்ஷயம்."

"ரெண்டும் சேர்ந்தா விட்டுப்போகும்?"

"போயிருக்கு பாரு."

"அத்தான்! நிலா என்ன லிப்டா? மூணு நாள் எட்டாவது மாடியில கதவைத் தொறந்து வச்சுட்டு நின்னுட்டு, அப்புறம் ரெண்டு மாடி நிக்காம பதினொண்ணுக்குப் போறதுக்கு? லிப்டே அப்படிப் போனா எங்க கம்பெனியில எனக்குச் சீட்டுக் கிழிச்சிருப்பாங்க!"

"நிலாவுக்கு யாரும் சீட்டுக் கிழிக்க முடியாது மாப்ளே" என்று அமைதியாகச் சொன்னார். "நாற்பத்தொரு வருஷத்துல என் கையைத் தாண்டி ஒரு தப்பு வெளிய போனதில்ல. அச்சுல அஷ்டமின்னு இருந்தா அது அஷ்டமி."

"அப்ப நிலாதான் தப்பு?"

"நான் அப்படிச் சொல்லல. நிலா கொஞ்சம் தாமதமா இருக்கலாம்."

என் தலையில் மிச்சமிருந்த ஏழெட்டு முடியில் இரண்டை அந்தச் சாயங்காலம்தான் பிய்த்துக்கொண்டேன்.

பொழுது சாய்ந்ததும் அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன். படி படியாகக் காலால் துழாவிக்கொண்டு வந்தார். நிலா உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. அஷ்டமி நிலா பாதி. வெட்டி வைத்த மாதிரி நேர்க்கோடாக இருக்கும். இது பாதியைத் தாண்டி வயிறு தள்ளியிருந்தது. நவமி நிலா. பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும்.

"பாருங்க அத்தான். பாதியா, பாதிக்கு மேலயா?"

தலையை இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். கையைக் குழல் மாதிரி பிடித்துப் பார்த்தார்.

"எந்த நிலாவைக் கேக்கற?"

"எந்த நிலாவா?"

"மூணு தெரியுதே. நடுவுல இருக்கறது கொஞ்சம் பெருசு. அதைச் சுத்திப் பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு." பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "மூணு நிலான்னா மூணு அஷ்டமி சரியாத்தானே வருது?" என்றார்.

அவர் வேடிக்கைக்குச் சொன்னாரா என்று முகத்தைப் பார்த்தேன். வேடிக்கை இல்லை. நிலாவை விட்டுவிட்டு, நான் ஆமாம் சொல்வேனா என்று என் பக்கம் காதைச் சாய்த்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தப்பு இருப்பது மனுஷருக்கு எப்போதோ புரிந்துவிட்டது. ஆனால் ஒப்புக்கொண்டால் நாற்பத்தொரு வருஷமும் போச்சு. கண்ணை விட்டாலும் விடுவார், அதை விடமாட்டார். நான் லிப்டை மேலே இழுக்கிறேன் என்று கயிற்றையே அறுத்துக்கொண்டிருந்தேன்.

கொடியில் துணி எடுக்க அக்கா மேலே வந்தாள். இரண்டு துணி எடுத்தாள், மூன்றாவதை எடுக்காமல் திரும்பினாள்.

"என்னத்துக்கு ரெண்டு பேரும் வானத்தைப் பார்த்துக் கத்தறீங்க? அந்தப் பக்கத்துல தப்பு பண்ணினது நான்தான்."

"நீயா?" என்றோம் இருவரும்.

"பின்ன? எழுத்து மங்கலா இருக்குன்னு ரெண்டு வருஷமா உங்களுக்குத் தாளை வாசிச்சுக் காட்டறது யாரு? அச்சகக்காரருக்குத் தெரியக்கூடாதுன்னு கதவைச் சாத்திட்டு வாசிக்கச் சொன்னது யாரு? நான் திங்கட்கிழமையை வாசிச்சேன். அடுப்புல பால் பொங்கிடுச்சு. ஓடிப்போய் இறக்கிட்டு வந்து விட்ட இடம் தெரியாம அதே வரியை ரெண்டு தடவை வாசிச்சுட்டேன். நீங்களும் சரி சரின்னீங்க."

அத்தான் நிமிர்ந்தார். நாலு அங்குலம் உயர்ந்தார் என்றே சொல்வேன். கால்சட்டை கணுக்காலுக்கு மேலே ஏறியதை நான் பார்த்தேன்.

"பார்த்தியா மாப்ளே! பார்த்தியா! நான் பார்த்ததுல தப்பில்ல. கேட்டதுலதான் தப்பு. இவளை நம்பினேன் பாரு! பால் பொங்கினா பொங்கட்டுமே, பஞ்சாங்கம்டி அது! ஊரே பார்க்கறது! நவமியைக் காணோம், தசமியைக் காணோம், பாலாம் பால்!"

"தப்புதான்" என்றாள் அக்கா.

"கொஞ்சமாவது பொறுப்பு வேணாமா?"

"வேணும்தான். நாளைக்கு என்ன திதி, அதைச் சொல்லுங்க."

"தசமி" என்றார் அத்தான் கம்பீரமாக. "வேற என்னவா இருக்கும்?"

அவர் திட்டிக்கொண்டே கீழே இறங்கிப் போனார். படி தெரியாவிட்டாலும் வாய் வழிகாட்டியது. நான் அக்காவிடம், "ஏன்க்கா, ரெண்டு தடவையா வாசிச்ச?" என்றேன்.

"போடா. அந்த மாசப் பக்கத்தை நான் தொடவே இல்ல. அப்ப எனக்குத் தொண்டை கட்டிப் பத்து நாள் பேச்சே வரல. மனுஷன் தனியா பூதக்கண்ணாடியை வச்சுட்டு உக்கார்ந்திருந்தார்." மிச்சத் துணியை என் தோளில் போட்டாள். "எட்டு மணிக்கு வண்டியோட வந்துடு. லேட் பண்ணினே, உன்னையும் சேர்த்துத் திட்டுவேன்."

மறுநாள் எட்டு மணிக்குப் போனேன். எமகண்டம் என்றார். புதன்கிழமை எமகண்டம் ஏழரையிலிருந்து ஒன்பது. ஒன்பதுக்குக் கிளம்பலாம் என்றேன். அதெல்லாம் ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்ட பொதுக் கணக்காம். இன்றைக்கு உதயம் ஆறு இருபத்துநாலு, அஸ்தமனம் மாலை ஆறு இருபது. நடுவே உள்ள பகலை எட்டாகப் பிரித்தால் எமகண்டம் ஒன்பது இருபத்துமூன்று வரைக்கும் இருக்கிறதாம். நல்லவேளை ஆஸ்பத்திரி பக்கம். ஒன்பது இருபத்துமூன்றுக்கு வலது காலை வாசலில் வைத்தார். ஒன்பது முப்பதுக்கு நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். எப்படி என்று கேட்காதீர்கள். வழியில் இருந்த சிக்னல்கள் இன்னும் என்னைத் தேடிக்கொண்டிருக்கின்றன.

பச்சை உடுப்புப் போட்டு, தலைக்குத் தொப்பி மாட்டி, கண்ணில் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பத்து மணி ஆயிற்று. அவசரக் கேஸ் ஒன்று வந்துவிட்டது, கண்ணில் இரும்புத்தூள் பட்டவர். பத்தரை ஆயிற்று. பதினொன்று. பதினொன்றே முக்காலுக்கு நர்ஸ் அம்மா சக்கர நாற்காலியோடு வந்தாள்.

"வாங்க ஐயா. அடுத்து நீங்கதான்."

அத்தான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மணி என்ன மாப்ளே?"

பொய் சொல்லலாம்தான். பின்னால் சுவர்க் கடிகாரம் இருந்தது. அவருக்கு அது தெரியாது. ஆனால் அவருக்கு வயிற்றுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. சொன்னேன்.

"பத்து ஐம்பத்திரண்டுலருந்து குளிகை" என்றார். "குளிகையில எது பண்ணினாலும் அது திரும்பவும் நடக்கும். கண்ணை ஒரு தடவை அறுத்தா மறுபடியும் அறுக்க வேண்டி வரும். நான் வரல."

"குளிகை எப்ப முடியுது?" என்றாள் நர்ஸ் அம்மா, பாவம், மாத்திரை ஏதோ என்று நினைத்துக்கொண்டு.

"பன்னண்டு இருபத்திரண்டு. உடனே ராகு காலம். ஒண்ணு ஐம்பத்திரண்டு வரைக்கும்."

"டாக்டர் ஒரு மணிக்குக் கிளம்பறாங்க ஐயா. சாயங்காலம் அவங்களுக்கு விமானம்."

"அப்ப என் விதி" என்று கண்ணை மூடிக்கொண்டார். மூடினால் என்ன, திறந்தால் என்ன.

அக்கா கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தாள். நாற்பத்தெட்டு வருஷமாக அந்த மனிதரோடு மல்லுக்கட்டியவள் கைக்குட்டை எடுத்து நான் பார்த்ததில்லை. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் அம்மா கையுறையோடு நின்றுகொண்டு, "என்னாச்சு? வர்றாரா இல்லையா? நான் அடுத்தவரைக் கூப்பிடட்டுமா?" என்றாள்.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடலாமா என்று கூடப் பார்த்தேன். நாற்காலியைத் தரையோடு திருகி வைத்திருந்தார்கள்.

"அத்தான்" என்றேன். "குளிகையில பண்ணினா திரும்ப நடக்குமா?"

"கட்டாயம் நடக்கும்."

"எத்தனை தடவை?"

"குறைஞ்சது ஒரு தடவை."

"உங்களுக்கு எத்தனை கண்ணு?"

"என்ன நக்கலா?"

"சொல்லுங்க. எத்தனை கண்ணு?"

"ரெண்டு."

"ரெண்டுலயும் புரைதானே? இன்னைக்கு வலது. இடதை யார் பண்ணுவா? அது இன்னும் கொஞ்ச மாசத்துல முத்தும்போது மறுபடியும் சந்திராஷ்டமம், அஷ்டமி, எமகண்டம்னு இதே கூத்தை ஆரம்பத்துலருந்து ஆடணுமா? இப்ப குளிகையில இதைப் பண்ணிட்டா அது தானா நடக்கும். நீங்க தடுத்தாலும் நடக்கும். இதைவிட நல்ல நேரம் ரெண்டு கண்ணுல புரை இருக்கறவனுக்கு எந்தப் பஞ்சாங்கத்துல இருக்கு?"

அத்தான் விரல்விட்டு ஏதோ எண்ணினார். நாற்பத்தொரு வருஷத்துப் பக்கங்கள் அவர் தலைக்குள் புரள்வது எனக்கே கேட்டது.

"மாப்ளே" என்றார் கடைசியில். "நீ ஏன் இந்த வேலைக்கு வராம லிப்டுக்குப் போன?"

"எழுந்திருங்க."

"இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கு குளிகை முடிய?"

"முப்பத்தொண்ணு."

"அம்மா, சீக்கிரம் தள்ளும்மா!" என்று நர்ஸ் அம்மாவை அதட்டிக்கொண்டு தானே சக்கர நாற்காலிக்குத் தாவினார். "ஆடி அசைஞ்சு தள்ளாத! நேரம் போயிட்டிருக்கு! என்ன ஆஸ்பத்திரி இது, நேரம் காலம் தெரியாம!"

பன்னிரண்டு பதினெட்டுக்கு முடிந்தது. "கல்லு மாதிரி இருந்தது. ஆனா வந்துடுச்சு" என்றாள் டாக்டர் அம்மா. "உள்ள படுத்துக்கிட்டு, உங்களுக்கு நல்ல நேரம் எப்பப் பிறக்குதுன்னு எனக்குச் சொல்லிக்கிட்டே இருந்தார். ரெண்டு தடவை சும்மா இருங்கன்னு சொல்ல வேண்டியிருந்தது." அக்கா அந்தக் கைக்குட்டையை மடித்து உள்ளே வைத்தாள். வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "என்னடா பல்லைக் காட்டறே, போய் வண்டியை எடு" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் கட்டைப் பிரித்தார்கள். அத்தான் கொஞ்ச நேரம் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையை, கடைசி வரியிலிருந்து மேலே பார்த்து, தலைகீழ் வரிசையில் படித்தார். நர்ஸ் அம்மாவின் பெயர் அட்டை கோணலாக இருப்பதைச் சொன்னார். என்னைப் பார்த்து, "உனக்கு எப்ப இவ்வளவு வழுக்கை விழுந்துச்சு?" என்றார். அக்காவை வெகு நேரம் பார்த்தார். அவள்தான், "போதும், கண்ணுக்கு வலிக்கப் போகுது" என்றாள்.

கண்ணுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அரைமணி நேரத்தில் பஞ்சாங்கத்தைப் பிரித்துவிட்டார்.

"இதோ ஒண்ணு" என்றார். நட்சத்திரம் ஒரு நாள் முன்னால் நின்றது. "இதோ இன்னொண்ணு." ஒரு மாசத்தில் பௌர்ணமி முடியும் நேரம் அது தொடங்கும் நேரத்துக்கு முன்னால் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு ராகு காலம். ஒரு வெள்ளிக்கிழமைக்கு ஒன்றுமே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை நன்றாகப் போனதாக எனக்கு ஞாபகம்.

ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "இதையும் நீதான் வாசிச்சியா?"

"நான்தான்."

"அப்ப என்ன, பாலா?"

"பால்தான்."

"இதுக்கு?"

"அதுக்கும் பால்தான்."

மத்தியானம் ஆவதற்குள் பதினேழு ஆகிவிட்டது. "நாற்பத்தொரு வருஷம் கட்டிக் காப்பாத்தின பேரை ரெண்டு வருஷத்துல பாலை ஊத்திக் கெடுத்துட்டாளே மாப்ளே" என்று என்னிடம் முறையிட்டார். "இவ்வளவு கவனக்குறைவை நான் பார்த்ததே இல்ல."

அக்கா மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பேசாம நேத்து என்னைப் படுக்கப் போட்டிருக்கலாம்டா" என்றாள் என்னிடம். "ஆபரேஷன் எனக்குத்தான் தேவைப்பட்டிருக்கு."

அத்தான் காதில் அது விழவில்லை. பதினெட்டாவதைக் கண்டுபிடித்திருந்தார். அச்சகக்காரரை உடனே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று பரபரத்தார். நான் போனை எடுத்து எண்ணையும் போட்டுக் கையில் கொடுத்தேன். மறுமுனையில் அவர் "வணக்கம்" என்று சொல்வது எனக்கே கேட்டது. அத்தான் தன் புதுக் கண்ணால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று ஐம்பத்திரண்டு. வியாழக்கிழமை ராகு காலம்.

போனை மேஜைமேல் மெல்லக் கவிழ்த்து வைத்தார். மூன்று இருபத்தொன்று வரைக்கும் அச்சகக்காரர் அதற்குள்ளேயிருந்து "வணக்கம், வணக்கம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.